பதில் ஆள் பிடிப்பது யார் வேலை?

"போகிறாயா, தாராளமாகப் போ. ஆனால் உன் இடத்துக்கு ஒரு ஆளைக் காட்டிவிட்டுப் போ!"

இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. பண்ணையை விட்டுக் கிளம்பும் ஆளிடம் மிராசுதாரர் சொல்லும் பேச்சு இது. பட்டறையை விட்டுக் கிளம்பும் பையனிடம் பட்டறைக்காரர் சொல்லும் பேச்சு இது. ஆனால் இதே பேச்சு பட்டம் பெற்று, கழுத்தில் டை கட்டிய உத்தியோகஸ்தர்களிடமும் பேசப்படுகிறது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். தென் கொரியாவில் அயல்நாட்டிலிருந்து வந்து இங்கிலீஷ் கற்பிக்கும் ஆசிரியர், வேலையை விட்டு விலக நினைக்கும்போது கேட்க நேரும் நிபந்தனைகளில் இதுவும் ஒன்று.

"அவர்கள் படித்தவர்கள், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், விமானத்தில் வந்து இறங்கியவர்கள். அவர்கள் கஷ்டத்தைப் பற்றி நமது பத்திரிகையில் என்ன பேச்சு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமது பதில் இது: கையில் மண்வெட்டி இருந்தாலும், நூல் இழை இருந்தாலும், சாக்பீஸ் இருந்தாலும், மாதச் சம்பளத்துக்காகத் தன் உழைப்பை விற்கிறவன் தொழிலாளி. முதலாளி அவனைக் கட்டிப்போடும் கயிறும் ஒரே கயிறுதான். படித்தவனுக்குக் கட்டும்போது கயிற்றின் மேல் பட்டுத் துணியைச் சுற்றிக் கட்டுகிறார்கள், அவ்வளவே!

தொழில் எப்படி நடக்கிறது?

கொரியாவில் பிள்ளைகள் பகலில் பள்ளிக்கூடம் போகிறார்கள். பள்ளி விட்டதும் தனியார் டியூஷன் பள்ளிகளுக்குப் போகிறார்கள். இவற்றுக்கு அந்நாட்டில் 'ஹாக்வோன்' என்று பெயர். கணக்குக்கும் ஹாக்வோன் உண்டு, சங்கீதத்துக்கும் உண்டு. இங்கிலீஷ் ஹாக்வோன்களில் நல்ல வியாபாரம். "எங்கள் பள்ளியில் இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர் இருக்கிறார்" என்று விளம்பரம் செய்தால் பெற்றோர் பணத்தைக் கட்டுகிறார்கள். ஆகவே ஹாக்வோன் முதலாளிக்கு அந்த ஆசிரியர் வெறும் ஆசிரியர் அல்ல. கடை வாசலில் தொங்கும் போர்டும் அவர்தான்.

இந்த ஆசிரியருக்கு 'ஈ-2' என்ற விசா கொடுக்கிறார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளின் பிரஜைகளுக்கே பொதுவாக இந்த விசா. பட்டப் படிப்புச் சான்று, சொந்த நாட்டுப் போலீஸ் சான்று, வைத்தியப் பரிசோதனை எல்லாம் வேண்டும். காகிதங்கள் சேரவே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகிவிடும். ஒப்பந்தம் வழக்கமாக 1 வருஷம். குடியிருக்க அறை முதலாளி கொடுப்பது.

சம்பளம் எவ்வளவு? பல ஹாக்வோன்களில் மாதம் 20 லட்சம் வோனுக்குச் சற்று மேல். லட்சம் என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம். 2025-ம் வருஷத்துக்கு அந்நாட்டு சர்க்கார் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வோன். மாதக் கணக்கில் அது சுமார் 20 லட்சத்து 96 ஆயிரம் வோன். டை கட்டிய வாத்தியாரும், கடையில் சாமான் அடுக்கும் ஆளும் சம்பளத்தில் அதிக தூரத்தில் இல்லை என்பதே இதன் பொருள்!

கட்டு எங்கே இருக்கிறது?

விசா தொழிலாளியின் பெயரில் இருக்கிறது. ஆனால் அவர் எந்தப் பள்ளியில் வேலை செய்யலாம் என்பதும் அதோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒப்பந்த காலம் முடிவதற்கு முன் வேறு பள்ளிக்கு மாற வேண்டுமானால், பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும். 'விடுவிப்புக் கடிதம்' என்று இதைச் சொல்கிறார்கள். அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் முதலாளியின் இஷ்டம். கடிதம் இல்லாவிட்டால், ஒப்பந்தம் முடிகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அல்லது மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். குடியிருக்கும் அறையும் வேலையோடு போய்விடும்.

இந்த இடத்தில்தான் முதலாளி பேரம் பேசுகிறார்: "உன் இடத்துக்கு ஒரு ஆள் பிடித்துக் கொடு, கடிதம் தருகிறேன்." வேறு சிலர், "ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் கடைசி மாதச் சம்பளம்" என்கிறார்கள். இன்னும் சிலர், ஒப்பந்தத்திலேயே அபராதம் எழுதி வைத்து மிரட்டுகிறார்கள்.

ஆள் பிடிப்பது சும்மா நடக்கிற காரியமா? அந்தத் தொழிலுக்கென்றே தரகர்கள் இருக்கிறார்கள். ஒரு ஆசிரியரைக் கொண்டுவந்து விட்டால் தலைக்கு இவ்வளவு என்று ஹாக்வோன்காரரிடம் தரகு வாங்குகிறார்கள். போகிற ஆசிரியரே ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் அந்தத் தரகு முதலாளியின் பெட்டியிலேயே தங்கிவிடும். விளம்பரம் எழுதுவது, வருகிற கடிதங்களுக்குப் பதில் போடுவது, அகால நேரத்தில் அயல்நாட்டோடு டெலிபோனில் பேசுவது, அத்தனையும் வகுப்பு முடிந்த பிறகு ஆசிரியரின் ஓய்வு நேரத்தில்! கூலியில்லாத வேலைக்கு 'ஒத்தாசை' என்று பெயர் வைப்பது முதலாளிகளின் பழைய வித்தை.

நமது மில்களை எடுத்துக்கொள்வோம். கேட்டில் பதிலித் தொழிலாளிகள் காத்து நிற்கிறார்கள். லீவு போடுகிறவனா ஊர் ஊராகப் போய்ப் பதிலியைத் தேடுகிறான்? இல்லை. யாரை உள்ளே எடுப்பது என்பது நிர்வாகத்தின் காரியம். ஆள் எடுக்கும் அதிகாரம் தன் கையில் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் எத்தனை முறை நம்மிடம் வாதாடியிருக்கிறது! அதிகாரம் அவர்களுடையது என்றால் அலைச்சலும் அவர்களுடையதே. லாபத்தில் பங்கு இல்லாதவனுக்குச் சிரமத்தில் மாத்திரம் பங்கா?

சட்டம் என்ன சொல்கிறது?

கொரியாவின் தொழிலாளர் தர நிர்ணயச் சட்டம் இந்த விஷயத்தில் நமக்கு நல்ல சாட்சி. அதன் 7-வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கிறது. 20-வது பிரிவு, "ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு அபராதம்" என்று முன்கூட்டியே எழுதி வைப்பதைத் தடுக்கிறது. வேலையை விட்டவருக்குச் சேரவேண்டிய சம்பளம் முதலியவற்றை 14 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது 36-வது பிரிவு. 1 வருஷம் வேலை செய்தவருக்குக் குறைந்தது 30 நாள் சராசரிச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. "பதில் ஆள் வந்த பிறகு" என்ற வார்த்தை இவற்றில் எதிலும் இல்லை! செய்த வேலைக்குச் சம்பளம், அவ்வளவுதான் சட்டம்.

ஜப்பானிலும் இதே கதை. அந்நாட்டுத் தொழிலாளர் தர நிர்ணயச் சட்டத்தின் 16-வது பிரிவும் முன்கூட்டி அபராதம் எழுதுவதைத் தடுக்கிறது. காலக்கெடு குறிக்காத வேலையானால், விலகுவதாகச் சொன்ன 2 வாரத்தில் வேலை உறவு முடிந்துவிடும் என்கிறது சிவில் சட்டத்தின் 627-வது பிரிவு. அதற்குப் பதில் ஆள் வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை.

சட்டம் இப்படி இருக்கையில் முதலாளிகள் எப்படி மிரட்டுகிறார்கள்? வந்தவருக்கு அந்நாட்டு மொழி தெரியாது; சட்டம் தெரியாது; துணைக்கு ஆள் கிடையாது. இந்த மூன்றும்தான் முதலாளியின் மூலதனம். பணிக்கொடை கொடுக்காமல் தப்ப 11-வது மாதத்தில் ஆளை வெளியேற்றும் ஹாக்வோன்களைப் பற்றி ஆசிரியர்கள் பல வருஷங்களாகப் புகார் சொல்லி வருகிறார்கள். 11-வது மாதத்தில் துரத்தும்போது ஆசிரியருக்குப் பதில் வேலை தேடிக் கொடுக்கிறார்களா? அப்போது மட்டும் இந்த 'ஒத்தாசை' எங்கே ஓடி ஒளிந்துகொள்கிறது?

ஜப்பானில் நோவா என்ற கம்பெனி இருந்தது. இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் நடத்திய கம்பெனிகளில் அதுவே மிகப் பெரியது. 2007 அக்டோபரில் அது குப்புற விழுந்தது. ஆயிரக்கணக்கான அயல்நாட்டு ஆசிரியர்கள் சம்பளப் பாக்கியோடு தெருவில் நின்றார்கள். வாடகை என்று சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கம்பெனி வீட்டுக்காரருக்குக் கட்டாததால், சிலருக்குக் குடியிருந்த இடமும் போயிற்று. பாடம் சொல்லிக் கொடுத்துச் சாப்பாடு பெறும் ஏற்பாட்டைத் தொழிற்சங்கம் செய்ய வேண்டியிருந்தது. அப்போது அந்த முதலாளியிடம், "போவதற்கு முன் உன் இடத்துக்கு ஒரு முதலாளியைக் காட்டிவிட்டுப் போ" என்று யாராவது சொல்ல முடிந்ததா?

வருகிறவன் யார்?

இதுவரை சொன்னது சம்பளக் கணக்கு. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

புதிதாக வர நினைக்கும் ஆசிரியர் என்ன செய்கிறார்? புத்தியுள்ளவரானால், இப்போது அங்கே வேலை செய்கிறவரிடம் பேச வேண்டும் என்று கேட்கிறார். "சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா? வேலை நேரம் எவ்வளவு? அறை எப்படி? முதலாளி எப்படிப்பட்டவர்?" என்று விசாரிக்கிறார். முதலாளியின் வார்த்தையை அவர் நம்பவில்லை. தன்னைப் போன்ற இன்னொரு தொழிலாளியின் வார்த்தையை நம்புகிறார். அந்த நம்பிக்கையைத்தான் முதலாளி விலைக்குக் கேட்கிறார்!

போகிறவரின் விடுதலை, வருகிறவர் "சரி" என்று சொல்வதைப் பொறுத்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் வருகிறவர் வர மாட்டார். போகிறவருக்குக் கடிதம் கிடைக்காது. பொய் சொன்னால் இவர் போகலாம், அவர் மாட்டிக்கொள்வார். ஒரு தொழிலாளியின் கட்டை அவிழ்த்து அதே கயிற்றால் இன்னொரு தொழிலாளியைக் கட்ட, முதல் தொழிலாளியின் கையையே உபயோகிக்கும் தந்திரம் இது. தோழர்களே, இதில் உள்ள விஷம் இதுதான்.

நமது முன்னோர் இந்த விஷத்தைக் குடித்தவர்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு நம் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போன கங்காணி யார்? பெரும்பாலும் நமது ஊர்க்காரரே. உறவு முறை சொல்லிக் கூப்பிடக்கூடியவரே. வெள்ளைத் துரை கிராமத்துக்கு வந்து அழைத்திருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள்? சொந்தக்காரன் வாயால் அழைத்ததால் போனார்கள். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறவும் 'துண்டு' வேண்டும். தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று அந்தத் துண்டில் எழுதியிருக்கும். புதிய துரை அந்தக் கடனைத் தீர்க்க ஒப்புக்கொண்டால்தான் ஆள் நகர முடியும். 1921-ல் அந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளி பட்ட கொடுமையும் இன்றைய ஹாக்வோன் ஆசிரியர் படும் சிரமமும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு முதலாளியின் காகிதம் இல்லாமல் இன்னொரு முதலாளியிடம் போக முடியாது என்ற சூத்திரம் ஒன்றே. பழைய துண்டுக்குப் புதிய பெயர் விடுவிப்புக் கடிதம்!

பட்டமும் தூதராலயமும் உள்ளவர்களுக்கே இந்தக் கதியானால், அதே கொரியாவில் ஆலைகளிலும் வயல்களிலும் பாடுபடும் நேபாள, கம்போடிய, வங்கதேச, இலங்கைத் தொழிலாளர்களின் கதி என்ன? 2004-ல் அமலுக்கு வந்த வேலை அனுமதித் திட்டத்தில் வந்த அவர்கள், முதல் 3 வருஷத்தில் 3 தடவைக்கு மேல் வேலை இடம் மாறக்கூடாது. அதற்கும் சர்க்கார் ஒப்புக்கொள்ளும் காரணம் காட்ட வேண்டும். 2021 டிசம்பரில் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் இந்தக் கட்டுப்பாடு செல்லும் என்றே தீர்ப்புச் சொல்லியது. அதற்கு ஒரு வருஷம் முன்பு, 2020 டிசம்பர் கடுங்குளிரில், போச்சோன் என்ற ஊரில் ஒரு கம்போடிய விவசாயத் தொழிலாளிப் பெண் பிளாஸ்டிக் கூடாரக் குடியிருப்பில் இறந்து கிடந்தார். மெல்லிய கயிறும் கனத்த கயிறும் ஒரே திரியில் முறுக்கப்பட்டவை என்பதை ஆசிரியர்களும் உணர வேண்டும்.

பிள்ளைகளின் கதி?

"ஆசிரியர் திடீரென்று போய்விட்டால் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும்? நல்லபடியாக நடத்திய முதலாளிக்கு ஒரு ஒத்தாசை செய்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. இதை நாம் தள்ளிவிடவில்லை. தொழிலில் நாணயம் தொழிலாளிக்கு வேண்டும். ஆனால் இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேலையை ஒப்படைப்பது ஒன்று; ஆளைப் பிடித்துக் கொடுப்பது வேறொன்று.

எந்த வகுப்பு எந்தப் பாடத்தில் நிற்கிறது, எந்தப் பிள்ளை எழுத்தில் பின்தங்கியிருக்கிறது, எந்தப் பிள்ளை பேசக் கூச்சப்படுகிறது என்று எழுதி வைத்துவிட்டுப் போவது ஆசிரியரின் கடமை. ஷிப்ட் முடிந்து போகிறவன், இந்தத் தறியில் இழை அடிக்கடி அறுகிறது என்று அடுத்த ஷிப்ட்காரனிடம் சொல்லிவிட்டுப் போவதைப் போன்றது அது. முன்கூட்டியே எழுத்து மூலம் தகவல் கொடுப்பதும் கடமைதான். ஆனால் அடுத்த ஷிப்டுக்கு ஆள் வருமா, வராதா என்பது மேஸ்திரியின் கவலை, நிர்வாகத்தின் கவலை. பெற்றோரிடம் பணம் வாங்கியது யாரோ, பிள்ளைகளுக்கு ஆசிரியரை நிறுத்த வேண்டியதும் அவரே.

நல்ல இடம் என்று மனதாரத் தோன்றினால், தெரிந்தவரிடம் "இங்கே ஒரு வேலை காலியாகிறது" என்று சொல்வதில் தவறே இல்லை. வேலை தேடும் தோழனுக்கு வழி காட்டுவது தொழிலாளர்களிடையே என்றும் உள்ள நல்ல பழக்கம். அது விருப்பத்தின் பேரில் நடக்க வேண்டும். சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நடத்தக் கூடாது. நல்ல சம்பளம், நல்ல அறை, நியாயமான நேரம் உள்ள பள்ளிக்கு ஆள் பஞ்சம் அதிக நாள் இராது. ஆள் கிடைக்காமல் திண்டாடும் முதலாளி, போகிறவரைப் பிடித்து உலுக்குவதற்குப் பதில், ஆட்கள் ஏன் நிற்பதில்லை என்று தன் பள்ளியையே கேட்டுக்கொள்ளட்டும்!

என்ன செய்ய வேண்டும்?

நமது கருத்து இது. பதில் ஆள் தேடுவதைச் சம்பளத்துக்கோ பணிக்கொடைக்கோ நிபந்தனையாக ஒப்புக்கொள்ளக் கூடாது. அவை உழைத்துச் சம்பாதித்தவை. பேரத்துக்கு உரியவை அல்ல. சம்பளத்தைப் பிடித்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் எழுத வேண்டும். எந்த மாதம் எவ்வளவு வந்தது, எவ்வளவு பிடித்தார்கள் என்ற கணக்கைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

விடுவிப்புக் கடிதம் வேறு விஷயம். அதில் சட்டம் முதலாளியின் பக்கம் சாய்ந்திருக்கிறது. கடிதத்துக்காக ஆள் தேடித்தான் தீரவேண்டும் என்ற நிலைமைக்குச் சிலர் தள்ளப்படலாம். அவர்களை நாம் பழிக்க மாட்டோம். அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்வோம்: வருகிறவரிடம் உண்மையை ஒளிக்காதீர்கள். சம்பளத் தேதி, ஓவர்டைம், அறையின் நிலை, இன்ஷூரன்ஸ் பணம் உண்மையிலேயே கட்டப்படுகிறதா, முன்பு இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். அதைக் கேட்டும் அவர் வந்தால், கண்ணைத் திறந்துகொண்டு வருகிறார். கேட்டு வராவிட்டால், ஒரு தொழிலாளி தப்பினார். உங்கள் கடிதம் தாமதமாகலாம். ஆனால் அந்நிய மண்ணில் இன்னொருவர் உங்களைச் சபித்துக்கொண்டு தூங்க மாட்டார்.

தனி ஆளாக நின்று உண்மை பேசுவது கஷ்டம். சேர்ந்து நின்றால் சுலபம். ஜப்பானில் பெர்லிட்ஸ் கம்பெனியின் அயல்நாட்டு ஆசிரியர்கள் சங்கம் வைத்து 2007 டிசம்பரிலிருந்து 2008 நவம்பர் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் முறை போட்டு வகுப்புகளை நிறுத்தினார்கள். சங்கத்தின் மேல் 11 கோடி யென் நஷ்ட ஈடு கேட்டுக் கம்பெனி வழக்குப் போட்டது. 2012 பிப்ரவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளியது. விசாவில் இருக்கிறவன் வாயைத் திறக்க முடியாது என்ற பயத்தை அவர்கள் ஐக்கியத்தால் உடைத்தார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த விஷயம் தூரத்தில் இல்லை. 2010-ல் அமலுக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தத்தின்படி, ஆசிரியர் பயிற்சிச் சான்று உள்ள இந்தியப் பட்டதாரிகளும் அந்நாட்டுப் பள்ளிகளில் இங்கிலீஷ் துணை ஆசிரியர்களாகப் போகலாம். நாளை மில் தொழிலாளியின் மகளோ, விவசாயத் தொழிலாளியின் மகனோ கையில் பட்டத்தோடு அங்கே இறங்கலாம். அவர்கள் போகுமுன், அங்கே வேலை செய்கிறவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போகட்டும். திரும்புமுன், கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வரட்டும்.

ஆள் பிடிப்பது முதலாளியின் வேலை. வருகிற ஆளுக்கு உண்மையைச் சொல்வது நமது வேலை!